கெய்ஷா என்று வாங்கினேன், கெய்ஷாதானா? ஜப்பானிய மர அச்சுப் படம் பற்றி விவரம் வேண்டும்

#1 மல்லிப்பந்தல்

எல்லோருக்கும் வணக்கம். நாலைந்து வருஷமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போகிறவள். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ஜப்பானிய மர அச்சுப் படம் வாங்கினேன். "செர்ரி மலர் பார்க்கும் கெய்ஷாக்கள்" என்று போட்டிருந்தார்கள். ஒற்றைத் தாள், 36 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம். மூன்று பெண்கள். ஒருத்தி வயதில் மூத்தவள் போலிருக்கிறாள், இன்னொருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள், மூன்றாமவள் சின்னப் பெண். மேலே பூத்த கிளை. வலது ஓரத்தில், கீழே, ஒரு நீலத் துண்டு பாதியில் வெட்டினாற்போல நிற்கிறது. ஓடையோ குளமோ தெரியவில்லை. இடது ஓரத்தில் செங்குத்தாகச் சின்னச் சின்ன எழுத்துகள்.

கடைக்காரரிடம் யார் வரைந்தது, எந்த வருஷம் என்று இரண்டு முறை கேட்டு எழுதினேன். பணம் போகும்வரை வந்த பதில் அதற்குப் பிறகு வரவில்லை. விலை என்ன பெறும் என்று கேட்கவில்லை, விற்கிற எண்ணமும் இல்லை. இந்தப் பெண்கள் யார் என்று தெரிந்தால் போதும். படங்களை இணைத்திருக்கிறேன்.

#2 தூங்காநகரம்

படம் அருமை. ஆனால் அந்த மூத்த அம்மாவுக்குப் புருவத்தையே காணோமே! அச்சடிக்கும்போது மை தீர்ந்துபோச்சா? பல்லும் கறுப்பாகத் தெரிகிறது. வெற்றிலை பாக்கு அங்கேயும் உண்டா?

#3 ஒசாகாவாசி

தூங்காநகரம் சிரிப்புக்குக் கேட்டது சரியான கேள்வி. புருவத்தை மழித்துவிடுவதும் பல்லைக் கறுப்பாக்குவதும் அந்தக் கால ஜப்பானில் அந்தஸ்தும் வயதும் காட்டும் அலங்காரம். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் புருவத்தை எடுத்துவிட்டு நெற்றியில் மேலே இரண்டு மங்கலான திட்டு வைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஊர்ப்பெண்களும் மழித்தார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

ஆனால் கெய்ஷா என்று கடைக்காரர் சொன்னதை நான் நம்பவில்லை. வெளிநாட்டுக் கடைகளில் கிமோனோ கட்டிய பெண் யாராக இருந்தாலும் கெய்ஷாதான். வேஷ்டி கட்டியவர் எல்லாம் குருக்கள் என்பது மாதிரி. உக்கியோ-எ எனப்படும் இந்த மர அச்சுப் படங்களில் வரும் பெண்களைப் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு.

யோஷிவாரா என்ற பரத்தையர் பேட்டையின் பெரிய கணிகை என்றால் இடுப்புப்பட்டையான ஒபியை முன்பக்கம் பெரிதாக முடிந்திருப்பாள். தலையைச் சுற்றி ஊசிகள் ஒளிவட்டம் போலக் குத்தியிருக்கும். பனிக்காலத்திலும் வெறுங்கால். பக்கத்தில் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சிறுமிகள் நிற்பார்கள். கெய்ஷா, அதாவது ஆடிப்பாடி விருந்தினரை மகிழ்விப்பவள், இதற்கு நேர்மாறு: தலையில் இரண்டு மூன்று ஊசி, ஒபி முதுகுப்பக்கம், மொத்தத்தில் அடக்கமான தோற்றம். கியோத்தோ அரண்மனைப் பெண் என்றால் கூந்தலை முதுகில் தாழ விட்டு, சிவப்புப் பாவாடைக் கால்சட்டை போட்டு, அடுக்கடுக்காய் அங்கி அணிந்திருப்பாள்.

இந்த மூன்றிலும் சேராத நாலாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. மல்லிப்பந்தல், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். காலில் வெள்ளைக் காலுறை இருக்கிறதா? நெஞ்சில், உடையின் மடிப்புக்குள், சின்னப் பெட்டி மாதிரி ஏதாவது செருகியிருக்கிறார்களா? மேலங்கி தரையில் புரளும்படி நீளமா? இடது ஓரத்து எழுத்துகளை இன்னும் கிட்டப் போய்ப் படமெடுத்துப் போடுங்கள்.

#4 மல்லிப்பந்தல்

காலுறை இருக்கிறது, வெள்ளை. சின்னப் பெண்ணின் நெஞ்சில் ஜரிகைப் பை மாதிரி ஒன்று, குஞ்சம் தொங்குகிறது. மேலங்கி தரையில் புரள்கிறது, கீழ் ஓரத்தில் பஞ்சு வைத்தது போலத் தடித்த விளிம்பு. ஓரத்து எழுத்து படம் போட்டிருக்கிறேன். பாட்டியின் பூதக்கண்ணாடி வைத்துக் கைப்பேசியில் எடுத்தது, மன்னிக்கவும்.

#5 ஒசாகாவாசி

பூதக்கண்ணாடிக்கு நன்றி சொல்லுங்கள், தெளிவாகத் தெரிகிறது.

கையெழுத்து "யோஷூ சிக்கனோபு". ஓரத்தில் உள்ளது அச்சிட்ட தேதியும் பதிப்பாளர் பெயரும் முகவரியும். மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில் (1868–1912) இப்படிப் போட வேண்டும் என்று விதி இருந்தது, நமக்கு அது வரப்பிரசாதம். மெய்ஜி 28 என்றிருக்கிறது. அதோடு 1867-ஐக் கூட்டினால் 1895. பதிப்பாளர் ஃபுகுதா ஹத்சுஜிரோ. ஓவியர், பதிப்பாளர், ஆண்டு மூன்றும் சேர்ந்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: "சியோதா நோ ஓ-ஓக்கு" வரிசை. 1894 முதல் 1896 வரை வெளிவந்தது.

சியோதா என்பது எடோ (இப்போதைய தோக்கியோ) கோட்டையின் இன்னொரு பெயர். ஓ-ஓக்கு என்றால் அந்தக் கோட்டையின் அந்தப்புரம். 1868 வரை ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பத்துப் படைத்தலைவர்களான ஷோகுன்களின் தாய், மனைவி, துணைவியர், அவர்களுக்குப் பணி செய்யும் நூற்றுக்கணக்கான பெண்கள் எல்லாரும் இருந்த இடம். ஷோகுனைத் தவிர வெளி ஆண்களுக்கு அங்கே இடமில்லை. வெளிப்பகுதியிலிருந்து அங்கே போகும் நடைக்கு மணிநடை என்று பேர், அவர் வரும்போது மணி ஒலிக்கும். நெஞ்சில் செருகிய பை "ஹக்கோசெக்கோ". தரையில் புரளும் மேலங்கி "உச்சிகாக்கே". உங்கள் மூவரும் அந்தப்புரத்துப் பெண்கள்.

இன்னொன்று. இந்த வரிசையில் ஒவ்வொரு காட்சியும் மூன்று தாள், சுமார் 40 காட்சிகள். உங்களிடம் இருப்பது இடதுபக்கத் தாள் மட்டும். வரிசையின் பெயர் வலதுபக்கத் தாளோடு போய்விட்டது. அதனால்தான் கடைக்காரர் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்.

#6 தூங்காநகரம்

அப்போ மூணுல ஒண்ணைத்தான் வித்திருக்கார். மல்லிகா அக்கா, மீதி ரெண்டையும் கேட்டு வாங்குங்க!

#7 மல்லிப்பந்தல்

நான் மல்லிகா இல்லை தம்பி, மல்லிப்பந்தல். :) மீதி இரண்டும் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ.

ஒசாகாவாசி ஐயா, இந்தச் சிக்கனோபு அந்தப்புரத்துக்குள் போய்ப் பார்த்து வரைந்தாரா? ஆண்களுக்கு இடமில்லை என்கிறீர்களே.

#8 ஒசாகாவாசி

போகவில்லை. அவர் வரைந்தபோது போவதற்கு அந்தப்புரமே இல்லை.

சிக்கனோபு 1838-இல் எச்சிகோ பகுதியின் தகாதாவில் ஒரு சாமுராய் வீட்டில் பிறந்தவர். இப்போது அது நீகாதா மாநிலத்தில் இருக்கிறது. இயற்பெயர் ஹாஷிமோதோ நாவோயோஷி. 1868-இல் ஷோகுன் ஆட்சி கவிழ்ந்தபோது தோற்கிற பக்கம் நின்றார். எடோவின் உவேனோவில் புதிய அரசை எதிர்த்த ஷோகிதாய் படையில் இருந்தார். அந்தப் படை ஒரே நாளில் உடைந்தது. பிறகு வடக்கே ஹகோதாதே வரை போய்ச் சண்டையிட்டு, 1869-இல் அங்கே சரணடைந்தவர்களில் ஒருவர். அதன்பின்தான் தோக்கியோவில் முழுநேர ஓவியர். தொயோஹாரா குனிச்சிக்காவிடம் பயின்றார், பெயரில் உள்ள "சிக்கா" குருவின் பெயர்த்துண்டு.

யாருடைய ஆட்சிக்காகக் கத்தி எடுத்துத் தோற்றாரோ, அவர்கள் வீட்டுப் பெண்கள் டோலியும் பெட்டியுமாகக் கோட்டையை விட்டுப் போனது 1868-இல். கடைசி எஜமானிகளில் இருவரை எல்லாருக்கும் தெரியும்: சத்சுமாவிலிருந்து மருமகளாக வந்த தென்ஷோயின், கியோத்தோவின் அரச குடும்பத்திலிருந்து வந்த கசுனோமியா. கசுனோமியா 1877-இல் இறந்தார், தென்ஷோயின் 1883-இல். சிக்கனோபு இந்த வரிசையைத் தொடங்கியது அதற்கும் 11 வருஷம் கழித்து. ஆனால் கீழ்நிலையில் வேலை பார்த்த பெண்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். 1890களின் தொடக்கத்தில் பழைய ஆட்சியின் ஆட்களைக் கூட்டி வைத்துக் கேள்வி கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் அந்தப்புரத்துப் பணிப்பெண்களின் வாக்குமூலமும் உண்டு.

#9 குறுக்குசால்

கதை உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமே. "தோற்ற வீரன் தன் எஜமானியரை நினைத்து வரைந்தான்" என்பது நாம் சேர்க்கிற மசாலா. இதே சிக்கனோபு 1880களில் என்ன வரைந்துகொண்டிருந்தார்? புதிய சக்கரவர்த்தினியும் அரண்மனைப் பெண்களும் பின்பக்கம் உப்பிய ஐரோப்பிய கவுன் போட்டு நிற்கும் படங்கள், மேற்கத்திய இசைக் கச்சேரி. 1887 தொடக்கத்தில் சக்கரவர்த்தினியே பெண்கள் மேற்கத்திய உடை உடுத்தலாம் என்று எழுதி வெளியிட்டார், படக்கடைகளில் கவுன் ஓடிற்று. பிறகு காற்று திரும்பியது. தொகுகாவா எடோவுக்கு வந்த 300 ஆண்டு விழாவை 1889-இல் உவேனோவிலேயே கொண்டாடினார்கள். சிக்கனோபு தோற்ற அதே உவேனோ! பழசுக்கு மவுசு வந்ததும் ஃபுகுதா இந்த வரிசையைப் போட்டார். 1894-95 சீனப் போரின்போது எல்லாப் பதிப்பாளரும் போர்ப் படம் அடித்துத் தள்ளினார்கள், சிக்கனோபுவும் வரைந்தார். எது விற்குமோ அது. தப்பில்லை, அவர் பிழைப்பு.

இன்னொன்று, எல்லா முகமும் ஒன்றுதான். முட்டை முகம், கோட்டுக் கண், பொட்டு வாய். சுமார் 40 காட்சியிலும் அந்த ஒரே பெண். நம் காலண்டர் லட்சுமியும் சரஸ்வதியும் அக்கா தங்கை மாதிரி இருப்பார்களே, அப்படி.

#10 ஒசாகாவாசி

முகத்தைப் பற்றிச் சொன்னது சரி. யாரையும் பார்த்து வரைந்த முகம் இல்லை அது. கவுன் விஷயமும் சரி. ஆனால் "மவுசு வந்தது, போட்டார்கள்" என்று மட்டும் முடித்தால் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. இந்தப் படம் அதற்கு முன் எந்தக் காலத்திலும் விற்றிருக்கவே முடியாது. தொகுகாவா குடும்பத்தைப் பற்றி எழுதவோ அச்சிடவோ கூடாது என்று 1722-லேயே உத்தரவு. 1790 முதல் ஒவ்வொரு படமும் தணிக்கை முத்திரை வாங்க வேண்டும். அதன்பின் வரிசையாக: 1793-இல் கணிகையரைத் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடாதே என்றார்கள். அப்போது பெண்களை வரைவதில் பேர்போன ஓவியர் உத்தாமாரோ என்ன செய்தார் தெரியுமா? பெயரை எழுதாமல், பெயரின் ஒலி வரும்படி பொருள்களைச் சின்னச் சின்னதாக வரைந்து மூலையில் வைத்தார். விடுகதை மாதிரி. 1796-இல் அதற்கும் தடை. 1800-இல் அவருடைய பெரிய முகப் படங்களுக்கே தடை.

1804-இல் அவர் மாட்டிக்கொண்டார். வரைந்தது ஓ-ஓக்குகூட இல்லை. 200 வருஷத்துக்கு முன், தொகுகாவாவுக்கு முந்தி ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி தன் ஐந்து மனைவியரோடு செர்ரி மலர் பார்க்கும் மூன்று தாள் படம். ஹிதெயோஷியையும் அவர் வீட்டுப் பெண்களையும் பெயர் போட்டுக் காட்டியது குற்றம் என்று 50 நாள் கைவிலங்கு. 1806-இல் இறந்துபோனார். உங்கள் படமும் செர்ரி மலர் பார்க்கும் பெண்கள்தான், மல்லிப்பந்தல். 91 வருஷ இடைவெளியில் ஒன்றுக்குக் கைவிலங்கு, இன்னொன்று தெருக்கடையில் விலைக்கு.

இடையில் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1829 முதல் ஒரு தொடர்கதை வந்தது, ஓவியர் குனிசாதாவின் படங்களோடு. "கெஞ்சி" என்ற இளவரசனின் பழைய அரண்மனைக் கதையை, தொகுகாவாவுக்கு முந்தைய அஷிகாகா ஷோகுன் காலத்துக்கு மாற்றி எழுதியது. அது உண்மையில் அப்போது ஆண்ட ஷோகுன் இயெனாரியின் அந்தப்புரக் கதைதான் என்று ஊரே கிசுகிசுத்தது. 1842-இல் நிறுத்தினார்கள். எழுதிய தானெஹிகோ அதே ஆண்டில் இறந்தார். ஆனால் அந்தக் கதையின் பெயரைச் சொல்லி அரண்மனை உடுப்பில் பெண்களை வரையும் மூன்று தாள் படங்கள் அதன்பிறகும் 20 வருஷத்துக்கு மேல் சக்கைப்போடு போட்டன. ஆக, வாங்குகிறவனுக்கு ஆசை தலைமுறை தலைமுறையாக இருந்தது. முகமூடி போட்டுத்தான் கிடைத்தது. 1894-இல் முதல்முறையாகச் "சியோதா" என்று பெயர் போட்டே விற்றார்கள்.

#11 குறுக்குசால்

இது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். கைவிலங்கு பற்றிப் படித்திருக்கிறேன், இரண்டும் மலர் பார்க்கும் காட்சி என்று சேர்த்துப் பார்த்ததில்லை.

#12 செவ்வந்தி

நெசவுத் துணி வடிவமைப்பு படித்தவள் என்பதால் உடைப் பக்கம் வருகிறேன்.

இந்த வரிசையின் படங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். முகம் ஒன்றே, சரி. ஆனால் துணி ஒன்றுபோல் ஒன்று இல்லை! யார் எந்த நிலையில் இருக்கிறாள், என்ன பருவம், என்ன விழா எல்லாவற்றையும் உடையும் கொண்டையும் சொல்லிவிடும். வெயில் காலத்தில் மேலங்கியைத் தோளிலிருந்து நழுவவிட்டு இடுப்பில் முட்டுக் கொடுத்தாற்போல் நிறுத்துவார்கள், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்திருக்கும். பெண்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள்: மார்ச் 3 பொம்மை விழா (நம் கொலு மாதிரி படிக்கட்டு வைத்து), பனியில் விளையாட்டு, சன்னோ கோயில் ஊர்வலத்தைப் பார்ப்பது, நாகினாத்தா என்ற நீண்ட கைப்பிடி வாளோடு நிற்பது. உட்கார்ந்து அலங்காரம் செய்துகொள்வது மட்டும் இல்லை.

தூங்காநகரத்தின் வெற்றிலைக் கேள்விக்கு: பல் கறுப்புக்கு அவர்கள் செய்தது வேறு. இரும்புத் துண்டைப் புளித்த நீரில் ஊறப்போட்ட கரைசல், அதோடு ஒருவகை மரத்தில் பூச்சியால் உண்டாகும் காயின் பொடி. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. படித்ததும் துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் நம் கலம்காரித் துணியின் கறுப்பும் இதேதான். இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய் போட்ட துணியில் எழுதினால் எழுதுகிற கணத்தில் கறுக்கும். அவர்கள் பல்லில் செய்ததை நாம் துணியில் செய்தோம். மெய்ஜி சக்கரவர்த்தினி 1873-இல் பல் கறுப்பைக் கைவிட்டார், அதோடு மேல்தட்டில் வழக்கம் தேய ஆரம்பித்தது.

இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எடோ ஊர்ப்பெண்கள் உடுத்திய கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு "சாந்தோமே" என்று பேர். நம்ம சாந்தோம்தான்! சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன துணிக்குப் போர்த்துக்கீசியர் வைத்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஜப்பானிலேயே நெய்தபோதும் அந்தப் பெயர் போகவில்லை. அந்தப்புரத்துப் பட்டுக்கு நடுவே அது நுழைந்திருக்காது, மர அச்சுப் படங்களில் வரும் டீக்கடைப் பெண் மாதிரியானவர்களின் கோட்டுத் துணியைப் பார்க்கும்போது எனக்கு மயிலாப்பூர் ஞாபகம் வரும்.

#13 தூங்காநகரம்

சாந்தோம் துணியா! அக்கா, இதுக்கே தனி இழை போடலாம்.

#14 பழைய பேப்பர்காரன்

எல்லாரும் வரலாறு பேசுகிறீர்கள், தாளை யாரும் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. அசலா, பிற்காலப் படியா என்று தெரிய வேண்டாமா? மல்லிப்பந்தல், கை கழுவித் துடைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் அந்தப் பூதக்கண்ணாடி. நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு, அதோடு கதை முடிந்தது. மர அச்சில் நிறம் பரவிப் படிந்திருக்கும், மரத்தின் ரேகைகூடச் சில இடங்களில் தெரியும். இரண்டாவது, திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நிறம் பின்னால் ஊறியிருக்கிறதா? வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் தெரிகிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். சன்னல் பக்கம் நின்று (வெயிலில் இல்லை!) தாளைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து மெல்லச் சாயுங்கள். வெள்ளை இடங்களையும் கறுப்பு இடங்களையும் பாருங்கள். என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள், நான் முன்கூட்டியே சொல்ல மாட்டேன்.

#15 மல்லிப்பந்தல்

கை நடுங்குகிறது.

புள்ளி இல்லை. பின்பக்கம் நிறம் ஊறியிருக்கிறது, விசிறி மாதிரி வளைந்த தேய்ப்புத் தடமும் இருக்கிறது. சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருக்கிறது என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சின்னப் பெண்ணின் கழுத்துப்பட்டை, அதில் மேடு பள்ளமாக ஒரு நெசவு! விரலில் தட்டுப்படுகிறது. முதுகு காட்டி நிற்பவளின் கறுப்பு ஒபியில் ஒரு கோணத்தில் மட்டும் பூக்கள் பளபளவென்று வருகின்றன, நேராகப் பிடித்தால் மறைந்துவிடுகின்றன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோலத்துல தண்ணி பட்ட மாதிரி தெரியுதுடி" என்றார்.

#16 பழைய பேப்பர்காரன்

அதேதான்! மேடு பள்ளம் "காராசுரி": மை தடவாத கட்டையில் தாளை வைத்து அழுத்தி எடுப்பது. கறுப்பில் பூ வருவது "ஷோமென்சுரி": அச்செல்லாம் முடிந்தபின் பூ செதுக்கிய கட்டையைத் தாளுக்கு அடியில் வைத்து, முன்பக்கத்தை வழவழப்பான பல்லோ பீங்கானோ கொண்டு தேய்ப்பார்கள். தேய்த்த இடம் மினுக்கும். இதெல்லாம் கூடுதல் வேலை, கூடுதல் கூலி. சிக்கனமாக அடித்த படிகளில் இதை விட்டுவிடுவார்கள். உங்களுக்கு நல்ல படி வாய்த்திருக்கிறது.

#17 உளிச்சத்தம்

கட்டை வேலை என்றதும் நானும் நுழைகிறேன். இரண்டு வருஷம் முன்பு தோக்கியோவில் ஒரு பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ("கற்றுக்கொண்டேன்" என்பது பெரிய வார்த்தை. கட்டை விரலில் தையல் போட்டுக்கொண்டேன்.)

ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் வரைந்து தருவார். அதை முகம் கீழே படக் கவிழ்த்து மலைச்செர்ரிக் கட்டையில் ஒட்டி, கோட்டை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். செதுக்கும்போதே மூல ஓவியம் அழிந்துவிடும். ஆகவே சிக்கனோபு கைப்பட வரைந்த அந்தத் தாள் உலகத்தில் இல்லை, இருப்பது செதுக்கியவன் கை. முதல் கட்டையில் எடுத்த படிகளில் ஓவியர் நிறங்களைக் குறித்துத் தருவார், நிறத்துக்கு ஒரு கட்டை என்று தனித்தனியாகச் செதுக்குவார்கள். ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் ஒரு "ட" வடிவ வெட்டும் பக்கத்தில் ஒரு நேர் வெட்டும் இருக்கும், தாளை அதில் பொருத்தினால் நிறம் கோட்டை விட்டு நகராது. 1765-இல் பல வண்ண அச்சு எடோவில் பிடித்துக்கொண்டதற்கு இந்தச் சின்ன வெட்டுதான் உயிர்.

நம் ஊர்த் துணி அச்சுக் கட்டை துணியின் மேல் இறங்கும். இங்கே கட்டை அசையாது, தாள்தான் வந்து படியும். ஈரமான தாளின் முதுகில் மூங்கில் குருத்தின் உறை சுற்றிய வட்டத் தேய்ப்பான், பேர் "பாரென்", அதை உடம்பு எடையை வைத்து ஓட்டுவார்கள். மல்லிப்பந்தல் பார்த்த வளைவுத் தடம் அது.

அப்புறம் நெற்றியோரத்து முடி. உங்கள் படத்தில் மயிர்க்கால் பிரிந்து தெரிகிற இடம் இருக்கும், பாருங்கள். அதை உடை செதுக்குகிறவன் தொடக்கூடாது. தலைமைச் செதுக்கர் மட்டும்தான். ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்க்க முயன்று கைவிட்டேன். குறுக்குசால், முகத்தைக் கேலி செய்யுங்கள், அந்த முடியைக் கேலி செய்ய விடமாட்டேன்.

#18 குறுக்குசால்

முடிக்கு வணக்கம்.

ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையில் எப்போதும் விழா, பூ, பனி. உள்ளே இருந்த வாழ்க்கை அப்படியா? அங்கே நுழையும்போது உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். மேல்நிலைப் பெண்களுக்கு அது ஆயுள் பணி. கீழ்நிலையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போக விடுப்பு: 3 ஆண்டு முடிந்தால் 6 நாள், 6 ஆண்டு முடிந்தால் 12 நாள், 9 ஆண்டு முடிந்தால் 16 நாள்.

1714 சம்பவம் தெரிந்திருக்கும். எஜிமா என்ற உயர்நிலைப் பெண், ஷோகுனின் தாயார் சார்பாகக் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் யாமாமுரா-சா நாடகக் கொட்டகையில் கபுகி பார்த்தார். கோட்டைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. இக்குஷிமா என்ற நடிகரோடு தொடர்பு என்று வழக்கு. தண்டனையாக எஜிமாவை மலைநாட்டில் தகாதோவுக்கு அனுப்பிவைத்தார்கள், நடிகரைத் தீவுக்கு. எஜிமாவின் அண்ணனுக்கு மரண தண்டனை. கொட்டகையையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எடோவின் நாலு பெரிய கொட்டகை அன்றோடு மூன்றானது. ஒரு நாள் நாடகம் பார்த்ததற்கு! இதெல்லாம் சிக்கனோபுவின் செர்ரி மரத்தடியில் எங்கே இருக்கிறது?

#19 செவ்வந்தி

குறுக்குசால் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த உள்நடைமுறை எல்லாம் நமக்குத் தெரிவதே 1890களில் வயதான பணிப்பெண்கள் வாய் திறந்ததால். படத்தை வாங்கியவர்களுக்கும் அது பத்திரிகையில் வந்துகொண்டிருந்த காலம். உள்ளே சந்தோஷமாக இருந்தார்களா என்று நான் அந்த முகத்தில் தேடவில்லை. பொம்மை விழாவுக்குப் படி எப்படி வைத்தார்கள், எந்த நிலைக்காரிக்கு எந்தக் கொண்டை என்று தேடுகிறேன். அதற்குப் படம் பதில் தருகிறது. எஜிமாவைத் தேடினால் தராது.

எனக்கு ஒரு சின்ன ஐயம் உண்டு. நிறங்களைப் பாருங்கள். அந்த ஊதாவும் சிவப்பும் வெளிநாட்டுச் சாயம் வந்தபிறகு கிடைத்த நிறம். கோட்டைக்குள் உடுத்திய பட்டின் நிறம் அது இல்லை. 1895-இன் அச்சுக்காரர் கையில் இருந்த நிறத்தில் 1850-இன் பெண்ணைப் பார்க்கிறோம்.

#20 ஒசாகாவாசி

செவ்வந்தி சொன்ன நிறப் பேச்சு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

குறுக்குசாலுக்கு ஒரு வரி: சிக்கனோபு 1897-இல் இதற்கு இணையாக ஆண்கள் பக்கத்தையும் போட்டார், "சியோதா நோ ஓன்-ஓமோத்தே". ஷோகுனின் வேட்டை, சடங்கு, ஊர்வலம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பேசுவது எல்லாரும் இதைத்தான். பூட்டியிருந்த கதவு எதுவோ அதைத்தான் ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மல்லிப்பந்தலுக்கு: ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் இந்த வரிசையை எண்மப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள், உங்கள் இடதுதாள் எந்தக் காட்சியில் வருகிறது என்று கிடைத்துவிடும். தோக்கியோ வந்தால் ஹராஜுகுவில் ஓத்தா நினைவு அருங்காட்சியகம் போங்கள். சின்ன இடம், உக்கியோ-எ மட்டும்தான், காட்சியை அடிக்கடி மாற்றுவார்கள்.

#21 பழைய பேப்பர்காரன்

மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. செவ்வந்தி சொன்ன அந்த ஊதாவும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். வெயில் படும் சுவர் கூடாது, குழல்விளக்குக்கு நேர் எதிரும் கூடாது. சட்டம் போடும் கடையில் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிடுவார்கள், ஒட்ட விடாதீர்கள். செல்லோ டேப் கூடவே கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் துண்டை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும், அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி. அந்த இடது ஓரத்தை வெட்டிச் சீராக்கித் தருகிறேன் என்பார்கள். தேதி அங்கேதான் இருக்கிறது!

நீங்கள் கடற்கரை ஊர் என்றால் ஈரம்தான் பெரிய எதிரி. பழுப்புப் புள்ளி விழும். இராமபாணப் பூச்சிக்கு இந்தத் தாளின் பசைப் பூச்சு என்றால் விருந்து. என்னிடம் இருந்த ஒன்றில் ஒரு சாமுராயின் மூக்கைத் தின்றுவிட்டது. மாட்டுவதைவிடப் பெட்டியில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தக் காலத்தில் வாங்கியவர்களும் கையில் வைத்துத்தான் பார்த்தார்கள். சாய்த்தால் பூ வருவதும் கையில் பிடித்தால்தானே!

#22 மட்டுறுத்துநர்

நல்ல இழை. தலைப்பில் "தீர்ந்தது" என்று போடலாமா, மல்லிப்பந்தல்?

#23 மல்லிப்பந்தல்

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, நேற்று ராத்திரி அதுவும் தீர்ந்தது.

நூலகத் தளத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஜப்பானிய எழுத்து தெரியாததால் படத்தைப் பார்த்தேதான் தேடினேன். பொம்மை விழா வந்தது, பனி வந்தது, வாள் வந்தது. நாலைந்து இடத்தில் எழுந்துபோய் என் தாளை எடுத்து வந்து ஒப்பிட்டேன். பன்னிரண்டு மணி வாக்கில் கிடைத்தது. மூன்று தாளும் சேர்ந்து, முழுசாக. மரம் நடுத்தாளில் நிற்கிறது, என்னிடம் இருப்பது அதன் ஒரு கிளை மட்டும்தான்.

முதல் பதிவில் ஓடையோ குளமோ என்று கேட்டேனே, வலது ஓரத்து நீலத் துண்டு. தண்ணீர் இல்லை. நடுத்தாளில் நிற்கும் பெண்ணின் உச்சிகாக்கே. அவள் உடையின் கடைசி நுனி தாள் தாண்டி என் படத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. முதுகைக் காட்டி நிற்பவள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படம் பெட்டியில் இருக்கிறது. தீர்ந்தது என்று போட்டுவிடுங்கள்.